தலைக்கு ஊற்றிய தண்ணீர்

என் மனைவியின் வகிடு அகலத் தொடங்கியதை அவளுக்கு முன்பே பிறர் கண்டுவிட்டார்கள். அடுத்த குவார்ட்டர்ஸ் அம்மாள், கொடியில் துணி உலர்த்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"மைன்ஸ் தண்ணிம்மா. பொம்பளைக்கு ஏது வழுக்கை? பேசாம ஒரு தடவை மொட்டை போட்டுடு, கருகருன்னு வரும். வூட்டுக்கு ஒரு வழுக்கை போதாதா? அதான் சார் இருக்காரே!"

என் மனைவி சிரித்தாள். அன்று மாலை பூக்காரி வந்தபோது கதவைத் திறக்கவில்லை.

நான் நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். சுரங்கத்துக்காக இறைக்கப்படும் நிலத்தடி நீரே எங்கள் குழாயில் வந்தது. அதில் குறையொன்றும் இல்லை என்றேன்.

"உங்களுக்கு அது வேலை. எனக்கு இது தலை."

கடலூரில் தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பெண்களுக்கும் பரம்பரையாக முடி மெலியும். தாய்வழி, தந்தைவழி எதிலிருந்தும் வரலாம். வேர்க்கால்கள் மெல்லச் சுருங்கும். எண்ணெயோ தண்ணீரோ அடிக்கடி தலைக்குக் குளிப்பதோ இதற்குக் காரணமல்ல. தடவ ஒரு மருந்து தந்தார். முதலில் கூடுதலாகவே உதிரக்கூடும், நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். உதிர்ந்தது. சீப்பில் சுருண்டதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் மருந்தைக் குப்பையில் போட்டாள்.

பிறகுதான் தலைக்கு ஊற்ற, குறிஞ்சிப்பாடியில் தன் பிறந்த வீட்டுக் கிணற்று நீரைக் கேட்டாள். அதையும் சோதித்தேன். எங்கள் குழாய் நீரைவிட அதில்தான் உப்பு மிகுதி. அவளிடம் சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன உண்மையில் அவள் செய்வதற்கு இருந்தது ஒரு மருந்து மட்டுமே. அதன்மீதும் நம்பிக்கை போயிற்று. பொய்யிலோ, ஞாயிறுதோறும் செய்ய ஏதோ இருந்தது. ஸ்கூட்டரில் காலருகே வெள்ளைக் கேனை வைத்துப் பல ஆண்டுகள் கொண்டுவந்தேன். ஓய்வுபெற்று மந்தாரக்குப்பம் வந்த பின்னும் வகிடு அகன்றது. இங்கே காரணம் மட்டும் அனல்மின் நிலையச் சாம்பல் என்றாயிற்று. கேன் அப்படியே இருந்தது.

சென்ற மாசியில் மாரடைப்பில் போய்விட்டாள். உடலைக் குளிப்பாட்டும்போது அவள் தம்பி மனைவி குளியலறையிலிருந்து கேனைத் தூக்கிவந்தாள்.

"அண்ணிக்கு இதான் ஆவும். இத்தயே தலைக்கு ஊத்துங்க."

ஊற்றினார்கள். பூச்சரத்தைச் செருகினார்கள், ஹேர்பின் பிடித்துக்கொள்ள முடி இல்லை. சரம் மறுபடியும் மறுபடியும் நழுவவே, தோளின்மீது வைத்தார்கள்.

காரியம் முடிந்து சென்னைக்குப் புறப்படும் காலையில், என் மகள் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற எனக்கு அந்த வகிடு தெரிந்தது. தொடக்கத்திலேயே தடவினால் பலருக்கு மட்டுப்படும், விடாமல் தடவ வேண்டும், முதலில் உதிர்வதற்கு அஞ்சக் கூடாது என்று, மருத்துவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். வாரிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பாக்கலாம்ப்பா. எல்லாம் அந்த மெட்ராஸ் தண்ணியாலதான்."

சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மாவோட கேன் சும்மாதானே இருக்கு? நான் எடுத்துக்கட்டுமா? குறிஞ்சிப்பாடில மாமா வீட்டுக்குப் போயிட்டுத்தான் கிளம்புறேன்."

மூடி வேறெங்கோ கிடந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன்.