நாலு குழி டப்பா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பனியக்கா. பன்னிரண்டு வருஷமாகப் புரதத்தை உறைய வைப்பதுதான் வேலை. மிளகளவு செப்பு வலையில் ஒரு துளி விட்டு, கண் இமைக்குமுன் கடுங்குளிர்த் திரவத்தில் முக்கி, பொத்தானளவு டப்பாவின் நாலு குழிகளில் அடுக்குவாள். பிறகு நான் மைக்ராஸ்கோப்பில் படமெடுப்பேன். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. என் கைக்கு அந்தப் பெருமை கிடையாது.

இந்த முறை வந்தது, உயிரணுவில் சர்க்கரையை உடைக்கும் நொதிக் கூட்டம். அதற்கு ஒரு வாசல் உண்டு. சர்க்கரை வந்து ஒட்டினால் அந்த வாசல் திறக்கும் என்று பேராசிரியர் பத்து வருஷமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார். முதல் இரண்டு குழிகளில் சர்க்கரை கலந்தது, அடுத்த இரண்டில் கலக்காதது என்பது ஏற்பாடு. சர்க்கரையே தெரியுமளவுக்குப் படம் கூர்மையில்லை. குழியின் எண்ணைத்தான் நம்பினோம். முதல் இரண்டில் வாசல் திறந்திருந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கட்டுரையை அனுப்புவதாக இருந்தார்.

அன்று காலை பனியக்காவின் மாமியார் மாத்திரை டப்பாவை நீட்டினாராம். அதிலும் நாலு அறை.

"காலைல போடுற சக்கரை மாத்திரையை ராத்திரி அறையில வச்சிருக்கியேம்மா."

அவளுக்குச் சட்டென்று ஆய்வுக்கூடத்து நாலு குழி டப்பா நினைவுக்கு வந்திருக்கிறது. பிறவியில் இடக்கைக்காரி; கருவிகளுக்காக வலக்கையைப் பழக்கிக்கொண்டவள். உறைய வைத்த அன்று வலது கட்டைவிரலைக் குளிர் சுட்டுவிட, வலைகளை இடக்கையால்தான் அடுக்கியிருந்தாள்; புண் ஆறாததால் இந்த மாத்திரைகளையும் அப்படியே. இடக்கை தன் போக்கில் கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் மொத்தமும் தலைகீழ்.

என்னிடம் வந்து சொன்னாள். நான் கோழை, ஒளிப்பானேன்?

"யாருக்குக்கா தெரியப்போகுது? உங்க வேலை நீட்டிப்புக்கு இன்னிக்குத்தான் சார் கையெழுத்துப் போடுறாரு. வாயை மூடிட்டு இருங்க."

"மாத்திரை மாறினா யாருக்குத் தெரியும்னு எங்க அத்தைகிட்ட சொல்வேனா தம்பி?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் புறப்பட்டவளை யார் தடுப்பது? இரண்டே முக்காலுக்குப் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டபின் அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆதாரம் இருக்கிறதா என்றார். கைப்பழக்கம்தான், வேறில்லை என்றாள். சர்க்கரை கலந்ததில் இன்னும் ஒரு துளி மிச்சம் இருந்தது. அது கெட்டால் மறுபடி தயாரிக்க எட்டு மாசம்.

அவர் அவள் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"நீங்களே பண்ணுங்க. எந்தக் கையா இருந்தாலும் சரி, குழியை நான் எண்ணுறேன்."

மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே வலையில் பனி படியும். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இடுக்கி இறங்கியது. "ஒண்ணு" என்றார் அவர், வாயைக் கையால் பொத்தியபடி.

திங்கட்கிழமை படம் தெளிந்தது. வாசல் இறுக மூடியிருந்தது.

பத்து வருஷப் பேச்சு பொய்த்துப்போன மனிதரை நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை. பிறகு அவள் நீட்டிப்புத் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். யாரிடமாவது முன்னாலேயே சொன்னீர்களா என்று விசாரித்தார்.

"இல்ல சார், நேரா உங்ககிட்டதான் வந்தேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னது.