எத்தனையாவது ஹைன்ரிஷ்?

ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்து வண்டியோடு ஓர் அறை வாசலில் நின்றிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. குகநேசன் அண்ணையின் மகள். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை.

"அன்ரி, இண்டைக்கு விடிய அப்பா தவறிட்டார். ஹார்ட் அட்டாக். அம்புலன்ஸ் வர முதலே முடிஞ்சுது."

மீதி ஆறு பேருக்கும் மருந்து கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு துணிகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

லண்டன் தமிழர்களான நீங்கள் அவரைப் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். லூயிஷாமில் கோயில் பந்தியில் பரிமாறுகிறவராக, தமிழ்க் கூட்டங்களில் கடைசி வரிசையிலிருந்து பேச்சாளரைத் திருத்துகிறவராக. நான் அறிந்தவர் ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு ஆண்டுகள் பராமரிப்பாளராக இருந்தவர். நான் அங்கே நர்ஸ், நாகர்கோவில்காரி. அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றார்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு நேரத்தில் அவர் தடித்த ஜெர்மன் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். என்ன புத்தகம் என்று கேட்டேன்.

"ஒரு நாட்டின்ரை சரித்திரம், தங்கச்சி. இஞ்சையிருந்து குரோய்டன் போற தூரந்தான் முழு நாடும். அதுக்கும் ஒரு ராசா, ஒரு மந்திரி, ஒரு பட்டாளம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் இந்த விஷயத்தில் விளையாடுவதில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர் லண்டனுக்கு வருமுன் சில ஆண்டுகள் ஜெர்மனியில் லிப்பே என்ற மாவட்டத்தில் அகதியாக இருந்தார். வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்தில், அவருடைய மச்சான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஓடையின் இரு கரைகளிலும் நின்று பேசுவார்களாம். எல்லை ஏன் இந்த ஓடையோடு முடிகிறது என்று ஒருநாள் அலுவலக எழுத்தரிடம் கேட்டிருக்கிறார். எங்கள் பிரபுவின் நிலம் அங்கேதான் முடிந்தது என்று அந்தப் பெரியவர் பழைய வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார். முதல் உலகப் போர் முடிந்தபோதே பட்டம் துறந்துவிட்ட ஒரு வம்சத்தின் வேலிக்குள்தான் தான் அடைபட்டிருக்கிறோம் என்று அண்ணைக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த மாவட்ட நூலகத்திலேயே ஜெர்மன் படித்தார். ஜெர்மனியின் பழைய சிற்றரசுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார், புத்தகங்களின் வழியாக.

"ராசா போயிடுவார் தங்கச்சி, எல்லை போகாது" என்று அடிக்கடி சொல்வார்.

அந்தச் சிற்றரசுகளைப் பற்றித் தமிழில் அவர் எழுதிய நூலுக்கு ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை மாடியில் வெளியீட்டுக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். ஒருவர் எழுந்து, "எங்கட வன்னியிலை இருந்த சின்ன அரசுகளைப் பற்றி எழுத ஆள் இல்லை. உங்களுக்கு ஜெர்மன்காரன்ரை குட்டி ராசாக்களோ கேக்குது?" என்றார். அண்ணைக்குக் கோபம் சட்டென்று வரும், நான் பயந்துபோனேன். ஆனால் அவர், "நீங்கள் கேக்கிறது நியாயம். நான் அடைபட்டுக் கிடந்த இடத்தைப் பற்றி நான் எழுதினன். நீங்கள் எழுதுங்கோ, நான் தட்டச்சு செய்து தாறன்" என்றார். கேள்வி கேட்டவரும் எழுதினார். இரண்டு ஆண்டு காலம் அண்ணை தட்டச்சு செய்து கொடுத்தார்.

இனிச் சொல்லப்போவது என் பிழையைப் பற்றியது.

எங்கள் இல்லத்தில் எல்ஸா என்ற தொண்ணூறு வயது மூதாட்டி இருந்தார். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து வந்து ஓர் ஆங்கிலேயரை மணந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய ஒரே தோழி எதிர் அறையில் இருந்தார். திடீரென எல்ஸாவின் பேச்சில் ஜெர்மன் கலக்கத் தொடங்கியது. ஹைன்ரிஷ் செத்துவிட்டார் என்பார். அடுத்த வாக்கியத்தில் ஹைன்ரிஷ் ரோஜா கேட்டு வந்தார் என்பார். ஹைன்ரிஷின் மகன் ஹைன்ரிஷ், தம்பி ஹைன்ரிஷ். எல்லோருக்கும் ஒரே பெயர். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ஆட்களை அடையாளம் காண்பதில் கடுங்குழப்பம், இறந்தவர்கள் உயிரோடு இருப்பதாக நம்புகிறார். அந்தக் குறிப்பை வைத்து அவரை வெகு தொலைவில், மறதி நோயாளிகளுக்கான பூட்டிய பிரிவு உள்ள வேறோர் இல்லத்துக்கு மாற்றும் பேச்சு எழுந்தது.

விடுப்பு முடிந்து வந்த அண்ணை குறிப்பைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் எழுதினது பிழை."

"இல்ல அண்ணா, நானே கேட்டேன். எல்லாரையும் ஒரே பேர்ல சொல்றாங்க."

"எல்லாருக்கும் ஒரே பேர்தான். வாங்கோ."

எல்ஸாவின் கட்டிலருகே அமர்ந்து ஜெர்மனில் ஏதோ கேட்டார். அந்த அம்மையாரின் முகம் மாறியது. விரல்களை மடக்கியபடி ஏதோ எண்களைச் சொன்னார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எத்தனையாவது ஹைன்ரிஷ் எண்டு கேட்டனான்" என்றார் அண்ணை வெளியே வந்து. "இவ்வளவு வருசத்திலை இந்த நாட்டிலை ஒருத்தரும் தன்னட்டை அதைக் கேட்கேல்லையாம்."

ரொய்ஸ் என்பது எல்ஸாவின் ஊர் முன்பு அடங்கியிருந்த சிற்றரசின் பெயர். அந்த வம்சத்தில் பிறக்கும் ஆண்பிள்ளை அத்தனை பேருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். ஆட்சிக்கே வராத பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. எல்ஸாவின் தந்தை அந்தக் குடும்பத்தின் மாளிகையில் தோட்டக்காரர். மறுநாள் அண்ணை அந்தத் தடித்த ஜெர்மன் புத்தகத்தைக் கொண்டுவந்து வம்சப் பக்கத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க ஹைன்ரிஷ்கள்.

குறிப்பைத் திருத்த எனக்குத் துணிவு வரவில்லை. எல்ஸாவை மாற்றுவதா என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், அது முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அதன்பின் அவர் கூட்டம் நடக்கும்வரை என்னோடு பேசவில்லை. பராமரிப்பாளர்களை அழைக்காத அந்தக் கூட்டத்துக்கு, தானாகவே, புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். இது உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சமூகப் பணியாளர் கேட்டார். அண்ணை புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான் அப்போதுதான் வாயைத் திறந்து, குறிப்பு என்னுடையது, அது பிழை என்றேன்.

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போதுதான் என்னிடம் பேசினார்.

"என்ரை முதல் அகதி இன்ரவியூவிலை, என்ரை கடைசிப் பேரும் அப்பாவின்ரை கடைசிப் பேரும் வேறை எண்டதாலை நான் அவரின்ரை மகனே இல்லை எண்டு எழுதினவங்கள். எங்களுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாறும். இந்த ஹைன்ரிஷ் ஆக்களுக்கு மாறவே மாறாது. ரண்டையும் பொய் எண்டுதான் எழுதுகினம், தங்கச்சி."

மொழிபெயர்ப்பாளரை வைத்து மீண்டும் மதிப்பிட்டார்கள். எல்ஸா தன் அறையிலேயே, தோழிக்கு எதிரிலேயே, இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தார். மறதி பிறகு உண்மையிலேயே வந்தது. கடைசி மாதங்களில் அண்ணையையே ஹைன்ரிஷ் என்று கூப்பிட்டார். அவரும் சளைக்காமல் எத்தனையாவது என்று கேட்பார். எல்ஸா யோசித்து ஓர் எண் சொல்வார். எல்ஸாவின் இறுதிச் சடங்கில் நாங்கள் நான்கு பேர் நின்றோம்.

அண்ணையின் சடங்கில் மண்டபம் கொள்ளாத கூட்டம். அவருடைய மகள் அந்த ஜெர்மன் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். எனக்கு அந்த மொழி தெரியாது, நீயே வைத்துக்கொள் என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது புத்தகத்தில் இல்லை. குழப்பம் என்ற சொல்லை நான் இப்போது அவசரப்பட்டு எழுதுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த முதியவர் ஒருவர் தன் வீட்டுச் சமையலறை வழியாக ரயில் போகும் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். பாதிதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதைச் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதினேன். மதிப்பீடு என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. நாளைக்கும் போய்க் கேட்பேன்.