இரும்பு வளையம் போட்ட வேன்

மாசிலாமணி வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின் சக்கரத்து போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். 1943ஆம் ஆண்டு, ஜப்பானியர் பிடியிலிருந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறை. ஜப்பானிய அதிகாரிக்குத் தன் சின்ன வேனில் லோரியின் அகல டயர் வேண்டுமாம். டயர் ஸ்பிரிங்கில் உரசாமலிருக்க, சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மாசிலாமணி இரும்பு வளையம் வைத்திருந்தார். நல்ல வேலைதான்.

அவர் கவலை வேறு. சயாம் காட்டில் போடும் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. போனவர்கள் எவரும் திரும்பவில்லை. தான் இல்லாமல் இங்கே காரியம் நடக்காது என்று காட்டினால் தப்பலாம் என்று நினைத்தார்.

"இந்த போல்ட்டு தளர்ந்துகிட்டே இருக்கும். ரெண்டு நாளைக்கு ஒருதரம் முறுக்கணும். என் கைக்குத்தான் அளவு தெரியும்னு சொல்லுங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர் ஜெய்னுதீனிடம்.

ஜெய்னுதீன் அதைச் சொன்னதும், அருகில் நின்ற அதிகாரி மகிழ்ந்துபோய் ஏதோ சொன்னார்.

"பட்டியல்ல உங்க பேரை அடிச்சிட்டாராம், அண்ணே."

மாசிலாமணிக்கு மூச்சு வந்தது.

"நாளைக்கு இந்த வேனே சயாம் போகுதாம். முறுக்கிவிட நீங்க கூடப் போகணுமாம். வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் லா."

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி வேன் டிரைவரைப் பிடித்து, ஸ்பேனரைக் கையில் கொடுத்து, அந்த அரிய வித்தை முழுவதையும் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார். டிரைவர் அதிகாரி முன்னால் முறுக்கிக் காட்டியதும், பொய் சொன்னதற்காக அதிகாரி மாசிலாமணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டு, வேனில் ஏறிப் போனார். பட்டியலில் அடித்த பெயரைத் திரும்ப எழுதும் ஞாபகம் அவருக்கு வரவில்லை. மாசிலாமணி வீட்டுக்கு வந்து, வீங்காத பக்கத்துப் பல்லால் மரவள்ளிக்கிழங்கை மென்றார்.