கொட்டாமல் விட்ட வெள்ளித் தண்ணீர்

கண்ணாடிப் பந்துக்குள் வெள்ளி ஏற்றும் வேலையை என் அண்ணன் பம்பாயில் கற்றுக்கொண்டு வந்தான். அங்கே ஒரு பட்டறையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்துக்குத் திரும்பினான். மில் வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லி, ஒரு வீட்டின் பின்பக்கம் இருந்த ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். வடக்கேயிருந்து வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் வெற்றுக் கண்ணாடிப் பந்துகள் லாரியில் வரும். அவற்றைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் உருண்டைகளாக்கி மதுரைக்கும் பாளையங்கோட்டைக்கும் அனுப்புவோம். அண்ணன், மதினி, நான். அவ்வளவுதான் ஆள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

வெள்ளி ஏற்றுவது அண்ணன் மட்டுமே. வெள்ளி உப்பும் அம்மோனியாவும் கலந்த தண்ணீரைப் பெரிய பழுப்பு பாட்டிலில் வைத்திருப்பான். பந்தின் நீளக் கழுத்து வழியே அதைக் கொஞ்சம் விட்டு, சர்க்கரைத் தண்ணீர் சேர்த்து, வெந்நீரில் பந்தை வைத்துச் சுழற்றுவான். கண்ணாடி முதலில் டீத்தண்ணி நிறமாகும். பிறகு கறுக்கும். கெட்டுப்போயிற்று என்று நாம் நினைக்கிற நேரத்தில், சட்டென்று அதில் நம் முகம் தெரியும்.

சாயம் மதினியுடையது. பந்தின் கழுத்தைப் பிடித்துச் சிவப்பிலோ பச்சையிலோ முக்கி எடுத்து, ஆணிப் பலகையில் கவிழ்த்துக் காயவிடுவாள். சாயத்தில் கலக்கும் தின்னரின் வாழைப்பழ வாசனை அவள் சேலையை விட்டுப் போகவே போகாது. காய்ந்த பந்துகள் என்னிடம் வரும். மூங்கில் குச்சியில் பந்தைச் செருகிக்கொண்டு, தூரிகையை அசைக்காமல் பந்தைத்தான் உருட்ட வேண்டும். அப்போதுதான் கோடு கோணாமல் வரும். வேலம்பிசினில் நட்சத்திரம், இலை, கொடி எல்லாம் போட்டு, ஈரம் காயுமுன் ஜிகினாத் தூளைத் தூவி ஊதிவிடுவேன். கடைசியில் கழுத்தை அரத்தால் கீறி ஒடித்து, தகர மூடி மாட்டினால் வேலை முடிந்தது.

அண்ணன் எதற்கும் அதட்டமாட்டான். ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பு. அன்றன்றைக்கு மிஞ்சிய வெள்ளித் தண்ணீரை அன்றைக்கே உப்புத் தண்ணீரில் கொட்டிவிடுவான். எங்களைத் தொடவிடமாட்டான். ஒருநாள் மதினி அவன் பலகையைத் துடைத்தபோது, காய்ந்திருந்த சொட்டுகள் துணிக்கடியில் பொட்டுப் பொட்டென்று வெடித்தன.

"இந்தா, பொட்டு வெடி! சிவகாசி நம்ம வீட்டுக்கே வந்துருச்சு" என்று அவள் சிரித்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. துணியை அவள் கையிலிருந்து வாங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினான். "பம்பாயில ஒருத்தன் ராத்திரி மிச்சம் வச்சுட்டுப் போயிட்டான். காலைல வந்து பாட்டிலத் தூக்கினான்" என்று மட்டும் சொன்னான்.

கார்த்திகைக் கடைசியில், வேலை தலைக்கு மேல் கிடந்த ஒரு மத்தியானம், சோழபுரத்திலிருந்து ஆள் வந்தது. மதினியின் அப்பா தோட்டத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மதினி சாயக் கையோடு தெருவுக்கு ஓடினாள். அண்ணன் பின்னால் ஓடினான். நான் கொட்டகையைப் பூட்டி, வழக்கம்போலச் சாவியை வீட்டுக்காரப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே சோழபுரத்துக்குப் போனேன்.

மதினியின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். தந்தி கிடைத்து அவன் வந்து சேரவில்லை. கொள்ளி வைத்தது முதல் எல்லாம் அண்ணன் தலையில் விழுந்தது. சில நாள் கழித்து, பந்தியில் சாப்பிட்டு இலையை மூடிக்கொண்டிருந்தவன், பாதி மூடிய இலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு கைகூடக் கழுவாமல் என்னை மாட்டுத்தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனான்.

"ஏட்டி, அன்னைக்கு பாட்டில்ல எம்புட்டு இருந்துச்சு?"

"பாதிக்கு மேல இருந்துச்சுண்ணே."

"நான் இப்ப எந்திரிச்சு வர முடியாது. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. நீ அடுத்த பஸ்ஸுக்குப் போ. உள்ள போகாத. கதவு முன்னால உக்காந்துக்கோ, ஒருத்தரையும் விடாத. சாயங்காலம் நான் வந்துருதேன்."

"போனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கும்" என்றான்.

அந்த வார்த்தைதான் வழி முழுக்கக் கூடவே வந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம், அந்தப் பாட்டில் என் மடியிலேயே இருப்பதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண் மசக்கையா என்று கேட்டாள். மில் சங்கு ஊதியதும் உடம்பு தூக்கிப்போட்டது. வெடித்திருந்தால் ஊரில் ஒரு பேச்சாவது இருக்குமே என்று பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் சாதாரணமாக இருந்தார்கள். அது தைரியம் தரவில்லை. இனிமேல்தான் என்று தோன்றியது.

கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே வீட்டுக்காரப் பெரியம்மா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். தெலுங்கு வீடு. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். எங்கள் மூன்று பேர் மேலும் அவளுக்குப் பிரியம்.

"வாம்மா. துட்டி வீட்டுலயிருந்து வார, குளிச்சியா? சாயங்காலம் சர்ச்சுலருந்து உருண்டைய எடுக்க வாராகளாம். உங்க வீட்டுல இப்படி ஆகிப்போச்சேன்னு நானே ஒதுங்க வச்சுக்கிட்டிருக்கேன்."

அண்ணனின் அலமாரியைப் பார்த்தேன். பாட்டில் அங்கே இல்லை.

"பெரியம்மா, இங்கனக்குள்ள ஒரு பாட்டில் இருந்துச்சே."

"அதுவா? சன்னல்ல வச்சிருக்கேன். அடியில கருப்பா என்னமோ படிஞ்சு கெடக்கு. குலுக்கிப் பாத்தேன், கரைய மாட்டேங்குது. வெயில்ல செத்த நேரம் இருக்கட்டும், பொறவு கம்பியை விட்டுக் கிண்டிக் கழுவலாம்னு இருக்கேன்."

சன்னலில், மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் அது நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் கறுப்புத் தோல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. தண்ணீரின் மேலே மினுக்கும் செதில்கள் மிதந்தன. அதற்கு நேர் கீழே மதினியின் தின்னர் டின்கள். சுற்றிலும் ஆணிப் பலகைகளில் எங்கள் பந்துகள். ஒவ்வொன்றிலும் அந்தச் சன்னலும் அந்தப் பாட்டிலும் சின்னதாகத் தெரிந்தன.

கத்தினால் அந்தச் சத்தமே பாட்டிலை வெடிக்கவைத்துவிடுமோ என்று பயம். விளக்கமாற்றை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் படுக்க வைத்தேன்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். வெளிய வாங்க."

"இங்கயே சொல்லேன்."

"இங்க வேண்டாம் பெரியம்மா."

என் குரலில் என்ன கேட்டதோ, வந்துவிட்டாள். துவைக்கிற கல் வரை கூட்டிப்போய், பாட்டிலில் இருப்பது வெடிக்கும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அய்யய்யோ, ஏமம்மா இது! தண்ணி எங்கயாவது வெடிக்குமா? இம்புட்டு நேரம் அதத் தூக்கி வச்சு, குலுக்கி, எல்லாம் பண்ணியிருக்கேன். துக்கத்துல உங்க அண்ணனுக்கு மனசு சரியில்ல."

"சரியில்லன்னே வச்சுக்கோங்க. அவன் வார வரைக்கும் இருங்க."

கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முகத்தைத் தடவிப் பார்த்து, "மூக்குக்கண்ணாடிய அலமாரியில வச்சிட்டேன். எடுத்துட்டு வந்துருதேன்" என்று எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்தாள். விடவில்லை. "என் வீட்டுக்குள்ள நான் போகக்கூடாதா? கைய விடுட்டி!" என்று அவள் கோபத்தோடு உதறியபோதுதான் அது வெடித்தது.

எது அதைத் தொட்டது என்று இன்றும் எனக்குத் தெரியாது. காற்றில் சன்னல் கதவு ஆடியிருக்கலாம், வெயிலே போதுமாக இருந்திருக்கலாம். சத்தம் என்றே சொல்ல முடியாது, காதுக்குள் யாரோ அறைந்தது போல இருந்தது. சன்னல் கதவு பிய்ந்து முற்றத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான், உள்ளே பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிரும் சத்தம் கேட்டது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால், நிற்காமல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

பெரியம்மாவின் புஜத்தில் சில்லு கிழித்திருந்தது. அவள் அழவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். தின்னர் தீப்பிடிக்கப் போகிறது என்ற நினைப்பு வந்ததும் அவளை உட்காரவைத்துவிட்டு, முற்றத்து மணலை அள்ளி அள்ளி வாசல் வழியே வீசினேன். தீ வரவில்லை.

போலீஸ்தான் முதலில் வந்தது. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் கள்ளத்தனமாக வெடி செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். "திரி எங்க? மருந்து எங்க?" என்று ஏட்டு ஒருவர் சாக்குகளைக் கிளறினார். கையில் துணி சுற்றியிருந்த பெரியம்மா குறுக்கே வந்தாள். "கிறிஸ்துமஸ் உருண்டைக்கு வெள்ளி பூசுற மருந்து, அய்யா. என்னை உள்ள போகவிடாம இந்தப் பிள்ளைதான் பிடிச்சு நிறுத்துச்சு. இவுகளக் கேக்க வேண்டியதையெல்லாம் என்னைக் கேளுங்க." அவர் ஜிகினாத் தூளை விரலில் தொட்டுப் பார்த்து, போய்விட்டார்.

அண்ணன் பொழுது சாயும்போது வந்தான். கொட்டகைக்குள் பார்க்கவில்லை. பெரியம்மாவின் கைக்கட்டைப் பார்த்தான், அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "எந்திரிப்பா" என்று அவள் சொன்னதற்கும் எழவில்லை. அவளுக்கு வலது காது அன்றைக்குப் போனது, பிறகு திரும்பவே இல்லை. ஆனாலும் காலி செய்யச் சொல்லவில்லை. சர்ச்சுக்கு அந்த வருடம், வைக்கோல் பெட்டிகளில் உடையாமல் கிடந்த வெள்ளி இல்லாத வெற்றுப் பந்துகளில் நானும் மதினியும் சுண்ணாம்பு வெள்ளையில் பனி தீட்டிக் கொடுத்தோம். தூரிகை என் கையில் நிற்கவில்லை. கோடுகள் எல்லாம் கோணல். அவர்கள் அதையே மரத்தில் தொங்கவிட்டார்கள்.

இனிமேல் அண்ணன் இந்த வேலையை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். தை பிறந்ததும் புது பாட்டிலோடு வந்தான்.

"வேற வேலை எனக்குத் தெரியாதுட்டி" என்றான்.

ஒரு கிண்ணம் அளவுக்கு மேல் கலப்பதில்லை என்று பெரியம்மாவிடம் சத்தியம் செய்தான். சொன்னபடியே இருந்தான். ஆனாலும் அவன் கலக்க உட்கார்ந்தால் நானும் மதினியும் எழுந்து வெளியே வந்துவிடுவோம். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் வரை, "வாங்கட்டி" என்று உள்ளிருந்து அவன் குரல் வராமல் ஒரு நாளும் நான் அந்த வாசலைத் தாண்டியதில்லை.