செதில் உதிர்ந்த கன்னம்

கற்றாழையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பெசன்ட் நகர்க் கடைகளில் அதைக் கூழாக்கிப் புட்டியில் அடைத்து, முகம் மெத்தென்று ஆகும் என்று விற்கிறார்கள். விற்கட்டும். பக்கத்திலேயே எங்கள் குப்பத்தில் அது திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகத் தொங்கும். நான் சிறுமியாக இருந்த ஒரு வருஷம், சித்தியின் முகத்துக்காக அதை மடல் மடலாக ஒடித்தோம்.

சித்தி, அம்மாவின் தங்கை. பாலவாக்கத்தில் படகு வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாக, அவர்களுடைய அண்ணனான மாமா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வேணாம் என்று சித்தி ஒரே ஒரு தரம் சொன்னாள். மாமா சோற்றுத் தட்டை எட்டி உதைத்தார். பேச்சு முடிந்தது. சிதறிய பருக்கைகளைப் பொறுக்கியவளும் சித்திதான்.

அதற்கப்புறம் அவள் முகம் காய ஆரம்பித்தது. உப்புக் காற்று என்றாள் அம்மா. கன்னமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில். பெண் பார்க்க வருவதற்குள் ஆற்றியாக வேண்டும். மஞ்சள் பால் வடியவிட்டு அலசிய கற்றாழைச் சோறு, பாலாடை, தேங்காயெண்ணெய். பூசுகிற வேலை என்னுடையது. சாயங்காலம் நான் பூசிப் பூசிப் பதமாக்கிய கன்னம் காலையில் மறுபடி வறண்டு கிடக்கும். என் வேலையை யார் கெடுப்பது?

ஒரு விடியலில் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் சித்தி துணி சோப்பால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கறை போகாத சட்டையைத் தேய்ப்பதுபோல.

"இன்னா சித்தி பண்ற?"

"வெள்ளையாவலாம்னுதாண்டி. உங்கம்மா கைல சொல்லிக்கினு திரியாத."

எவனோ ஒருத்தனுக்காக இப்படியா? பைத்தியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி சித்தியின் தாடையை நிமிர்த்தினாள். கன்னத்தில் விரலை இழுத்து, நுனியில் ஒட்டிய செதிலை மாமாவிடம் காட்டினாள்.

"இன்னா நைனா, பொண்ணக் காட்றேன்னு இட்டாந்து கொடுவா மீனக் காட்ற?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "உன் மூஞ்சி மட்டும் எப்டி கீதாம்?" என்று நான் கத்தினேன். அம்மாவின் அறை விழுந்தது, எனக்குத்தான். ஊற்றிவைத்த கலர் சோடாவைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

மறுநாள் மாமா கடலுக்குப் போய்விட்டார். சித்தி தானே ஒரு மடலை ஒடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கன்னத்தை நீட்டினாள். வாயில் ஏதோ பாட்டு வேறு.

வந்ததே எனக்கு ஆத்திரம்.

"இப்ப இன்னாத்துக்கு? இனிமே யாரு வந்து பாக்கப் போறா?"

"நாந்தாண்டி," என்றாள் சித்தி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு.

இதெல்லாம் ஒரு பதிலா? மடலை மணலில் வீசிவிட்டு எழுந்து போனேன். கல்யாணம் நின்றுபோன வீட்டில் அழ வேண்டியவளே சிரிக்கிறாளே என்று, அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.