அந்தக் கார்டிலிருந்து என் பெயரை நீக்கித் தாரும்

போன வருடம் தவக்காலம் தொடங்கிய சமயம். ஊரில் பலர் ஒருசந்தி இருந்தார்கள். என் வீட்டிலும் ஒருவேளைதான் சாப்பிட்டோம். ஆனால் அது ஒருசந்தி இல்லை. அரிசி இல்லை, அவ்வளவுதான்.

நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் இந்த அன்பியத்துச் சகோதர சகோதரிகளே, என் பெயர் சகாயமேரி என்பது உங்களுக்குத் தெரியும். மற்றது பலருக்குத் தெரியாது. திருப்பூருக்கு வேலைக்குப் போன என் கணவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் உள்ள மாமனார் வீட்டில் எனக்கு இடமில்லாமல் போனது. என் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலுப்பூர் பக்கம் வந்து ஒற்றை அறையில் குடியிருந்தேன். கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போவேன். வேலை இல்லாத நாள்தான் அதிகம்.

பள்ளிக்கூடம் உள்ள நாளில் பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு கிடைத்துவிடும். லீவு நாள்தான் பயம். ஜெபமாலை சொல்லும்போது, 'எங்கள் அனுதின உணவை' என்று கேட்கும் வரி வந்தால் என் வாய் நின்றுவிடும். பிள்ளைகள் இருவரும் சொல்லி முடிப்பார்கள்.

ரேஷன் கார்டு இருந்தால் அரிசி இலவசம். ஆனால் எங்கள் மூன்று பேர் பெயரும் மாமனார் கார்டில் இருந்தன. இ-சேவை மையத்தில் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தேன். நிராகரிக்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. தாலுகா ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஏற்கெனவே ஒரு கார்டுல ஒங்க பேரு இருக்குங்க. அதை நீக்குனாத்தான் புதுசு வரும். நீக்குறதுக்கு அந்தக் கார்டுல குடுத்திருக்கிற போனுக்கு ஓடிபி போகும்."

அந்தப் போன் மாமாவிடம் இருந்தது. பஸ் ஏறிப் போய் அவர் வாசலில் நின்றேன். மாமா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மூணு பேரை எடுத்துட்டா எங்களுக்கு அரிசி கொறைஞ்சு போகும். அப்புறம் நாங்க எங்கிட்டுப் போறது?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான். அத்தை, என் மாமியார், அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மாமாவைவிட அத்தை மேல்தான் கோபம். நானும் அவரும் ஒன்றாக நாற்று நட்டிருக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த வாய் எனக்காகத் திறக்கவில்லையே என்று பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாஸ்கா, அதுதான் ஈஸ்டர், முடிந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். மூத்தவள் தனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லித் தங்கைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தாள். நான் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். பிரிந்து வாழ்கிற பெண் என்று நேரில் விசாரித்து உறுதியானால், ஓடிபி இல்லாமலே கார்டு கொடுக்க வழி இருக்கிறது என்றார்கள். விசாரணைக்கு ஆள் வருவார், காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுபடியும் தாலுகா ஆபீஸ். மறுபடியும் காத்திருப்பு. கூலியும் போனது, பஸ் காசும் போனது.

ஒரு சாயந்தரம் கோயிலில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் போடக்கூடத் தெம்பில்லை. "ஆண்டவரே, இனி என்னால் அலைய முடியாது. எனக்காக நீர் அலைந்து பாரும். அந்தக் கார்டிலிருந்து எங்கள் பெயரை நீக்கித் தாரும். மாமாவின் மனதை மாற்றும்." இவ்வளவுதான் சொன்னேன். அத்தைக்காக நான் ஜெபிக்கவே இல்லை.

அந்த வாரத்திலேயே விசாரணைக்கு ஒரு சார் வந்தார். தனியாகச் சமைக்கிறோமா என்று அடுப்பைப் பார்த்தார். பானையைத் திறந்து காட்டினேன், கஞ்சி இருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரரிடமும் விசாரித்துக்கொண்டார். போகும்போது சொன்னார்:

"அங்கிட்டும் போய் ஒரு வார்த்தை கேக்கணும்மா. நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு அவங்க சொல்லிட்டா நான் ஒண்ணும் எழுத முடியாது."

மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் ஜெபிக்கக்கூட இல்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தை என் வாசலில் நின்றார். நான் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அவராகவே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"நேத்து ஆபீசர் வந்தாரு. மருமக இங்கதான் இருக்கு, கொல்லைக்குப் போயிருக்குன்னு ஒங்க மாமா சொல்லிட்டாரு. நான் உள்ளயிருந்து வந்து, இல்லைங்க சார், எம்புள்ள அவளை விட்டுட்டான், அவ இங்க இல்லைன்னு சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்."

"மாமா ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"நேத்திலேருந்து எங்கூடப் பேசல. பேசாட்டிப் போறாரு. பேத்திங்க பேருல வாங்குன அரிசிய ஒலையில போடுறப்பல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும். இத்தனை நாளா வாய் வரல ஆத்தா."

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான் மாமாவின் மனதைக் கேட்டேன். ஆண்டவர் அத்தையின் வாயைத் திறந்தார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு கார்டு கைக்கு வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் படம். சின்னவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீதான் தலைவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முதல் தடவை அரிசி வாங்கி வந்த அன்று மூத்தவள் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினாள். அதற்காக ஆண்டவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

களைப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் கூலிக்குத்தான் போகிறேன். கணவர் திரும்பவில்லை. எங்கள் பெயர் நீங்கியதில் அத்தை வீட்டில் அரிசி குறைந்தது எனக்குத் தெரியும். அதனால் மாதாமாதம் அவர்களுக்கும் கொஞ்சம் கட்டி அனுப்புகிறேன். மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அரிசியைத் திருப்பி அனுப்பியதும் இல்லை.

உங்களில் யாராவது அலைந்து ஓய்ந்திருந்தால் நீளமாக ஜெபிக்க வேண்டாம். முடியவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். யார் வழியாக உதவ வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கோயிலுக்கும் வருகிறேன், தாலுகா ஆபீசுக்கும் வருகிறேன்.