அக்கா வீட்டுப் பூனைகள்

நகராட்சியில் அவருடைய வேலைக்கு வாய் நிறைய ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. நாய்வண்டிக்காரர் என்றால்தான் தெரியும். கடித்த நாயைப் பிடிப்பது, சாக்கடையில் விழுந்த கன்றைத் தூக்குவது, பூட்டிய வீட்டுக்குள் பசியில் கத்தும் கிளியை மீட்பது என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். வேலையில் ஊறிய மூக்கு அவருக்கு. வாசலில் நின்றபடியே உள்ளே இருப்பது நாயா பூனையா, உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். "அண்ணே, உங்க மூக்குக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்து வைங்க" என்று வண்டி ஓட்டும் டிரைவர் கேலி செய்வான்.

அந்த மூக்குக்கு ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சளி பிடித்துக்கொண்டது. அது அவருடைய அக்கா.

தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலை துவட்டி, சட்டைக்குப் பொத்தான் தைத்து, அடித்து, கொஞ்சி வளர்த்தவள் அவள். அத்தான் திடீரென்று போய்ச்சேர்ந்த பிறகு ஊரின் மறுகோடியில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. "துணைக்கு இருக்கட்டும்க்கா" என்று நகராட்சியின் விலங்குக் காப்பகத்திலிருந்து முதல் பூனையைக் கொண்டுபோய்க் கொடுத்தவரே அவர்தான். கொஞ்ச நாளில் அக்கா, "நீ எதுக்குடா அவ்வளவு தூரம் அலையறே? ஞாயித்துக்கிழமை நானே வரேன்" என்றாள். அப்படியே வந்தும் போனாள். வந்தால் வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்காருவாள்.

"என்னங்க, அண்ணி மேல ஒரு மாதிரி வாடை வருதே?" என்று மனைவி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"துணி சரியாக் காஞ்சிருக்காது" என்றார். என்ன வாடை என்று அவருக்கா தெரியாது? தெரிந்ததை மென்று விழுங்கிவிட்டார்.

ஒரு காலையில் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி இறங்குகிறதாம், நாற்றத்தில் குடியிருக்க முடியவில்லையாம். விலாசத்தைப் படித்த கிளார்க் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சார், இது உங்க அக்கா வீடுதானே? வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா. நானே போறேன்."

கதவை ஒரு சாண் மட்டும் திறந்த அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. விலகி வழிவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஜன்னல்களை அட்டை வைத்து ஒட்டியிருந்தாள். சோபாவில் பஞ்சு போய் கம்பிச்சுருள் மட்டும் மிச்சமிருந்தது. தரையில் கால் ஒட்டியது. அடுப்புக்கு அடியில், பரணில், துணி அலமாரியில் என்று எங்கு திரும்பினாலும் பூனைகள். பாதிக்குக் கண்ணில் பீளை கட்டி மூடியிருந்தது. கட்டிலில் குட்டி போட்ட பூனைகள் படுத்திருந்தன. அக்கா தூங்குவது சமையலறை ஸ்டூலில், சுவரில் சாய்ந்தபடி. எது அவள் தட்டு, எது அவற்றின் தட்டு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டிரைவர் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டுச் சட்டென்று மூடினான். செத்தவற்றைத் துணியில் சுற்றி அடுக்கி வைத்திருந்தாள்.

"புதைக்க இங்க மண்ணு ஏதுடா?" என்றாள் அக்கா. டிரைவர் வண்டியிலிருந்து கூண்டுகளை இறக்கப் போனான்.

வலையை எடுத்ததும் பூனைகள் மிரண்டு சுவரில் ஏறின. ஒன்று பரணிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. கையுறையையும் மீறிக் கீறல். இப்படியே போனால் பாதி பயத்திலேயே செத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

"அக்கா, நீ கூப்பிட்டா வரும்" என்றார்.

"எங்க கொண்டு போறே?"

"டாக்டர்கிட்ட."

"எல்லாம் பிழைக்குமாடா?"

"பாக்கலாம்க்கா."

அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சோம்பேறி, வாயாடி, சின்னராணி, திருட்டுப்பய. வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து மடியில் ஏறின. எடுத்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வண்டிக் கூண்டுகள் நிறைந்து போயின. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்ற பக்கத்து வீட்டம்மா எப்போது தன் வீட்டுக்குள் போனாள் என்றே தெரியவில்லை.

காப்பகத்து டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒட்டுவாரொட்டி நோய். மற்ற மிருகங்களோடு வைக்கவே முடியாது; தேறாதவற்றை ஊசி போட்டு முடிப்பதைத் தவிர வழியில்லை. "நீங்க வெளியில இருங்க. பிடிச்சுக்க வேற ஆள் இருக்கு" என்றார்.

அவர் போகவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஊசி ஏறும் வரை ஒவ்வொன்றையும் தானே பிடித்துக்கொண்டார். சில பூனைகள் அவர் சட்டையில் அக்கா வீட்டு வாசனையை மோந்து உறுமாமல் படுத்தன. வாயாடி கடைசி வரை ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மனைவிதான் குளிப்பாட்டி, சிக்குப்பிடித்த முடியை வெட்டி, கைப்புண்களுக்கு மருந்து போட்டாள். அக்கா சொன்னதைச் செய்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒரு மத்தியானம் அவரோடு சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எத்தனை?"

"அஞ்சுக்கா."

"செத்தது அஞ்சா?"

"இல்லக்கா... பிழைச்சது."

அவள் எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லட்டுமா?" என்றாள்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து 'டா' போயிற்று. 'தம்பி'யும் போயிற்று. வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா. கோபமோ குத்தலோ அதில் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவுதான்.

மனைவிக்குத் தாங்கவில்லை. "அண்ணி, நீங்க வளர்த்த தம்பியப் போய் நீங்க வாங்கன்னு பேசறீங்களே. அந்த அஞ்சுல ஒண்ணைக் கொண்டு வரச் சொல்லவா?"

"வேண்டாம்மா" என்றாள் அக்கா. "நான் கூப்பிட்டா நம்பி வந்துடும்."

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அந்த வீட்டுக் காற்று அவள் நுரையீரலை எப்போதோ தின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரத்திலும், "நீங்க போய்த் தூங்குங்க" என்றாள். ஒரே ஒரு 'டா'வுக்காக அவர் காத்திருந்தார். அவள் சொல்லாமலே போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று டிரைவர் வண்டியைத் துடைத்து வைத்திருந்தான். முதல் புகார், பள்ளிக்கூட மதிலுக்குள் புகுந்து வெளியேறத் தெரியாமல் நிற்கும் ஒரு நாய். "சாது நாய்தாண்ணே, கூப்பிட்டா வந்துடும்" என்றான் டிரைவர். அவர் வலையை எடுத்து வண்டியின் பின்னால் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.